முதல் வரிசைக் குரல்

என் மனைவி ரேலீன் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் பல வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஐம்பத்து மூன்று வயதில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள்.

"பசங்க வாந்தியைத் துடைச்சே பாதி நர்ஸ் ஆயிட்டேன். மீதியையும் படிச்சிடறேன்" என்றாள்.

செவ்வாய்தோறும் உடலியல் வகுப்பு. நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்த பாடம். நேரில் வருவதோ என் மனைவி மாதிரி நரைத்த தலைகள் சில. இளசுகள் எல்லாம் பதிவு செய்த பாடத்தைப் பிறகு படுக்கையில் கிடந்தபடி இரட்டை வேகத்தில் ஓடவிடும். அப்படிக் கேட்டால் மூளையில் என்ன தங்கும் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

முதல் வரிசையில் உட்காரும் ரேலீனுக்குப் புரியாவிட்டால் வாய் சும்மா இருக்காது. "நீல், அதை இன்னொரு தரம் மெதுவா சொல்லுங்க, எனக்குப் புரியல" என்று பேராசிரியரை நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் வரும்போது பின் இருக்கையிலிருந்து அவள் குரலே கேட்டிருக்கிறது. இரண்டு பையன்கள் கைபேசியில் பாடத்தை ஓடவிட்டு, "மெதுவா சொல்லுங்க நீல்" என்று அவளை மாதிரியே இழுத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்தாள். "என்னைக் கோமாளி ஆக்கிட்டானுங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள விலகினா கட்டணம் கிடையாது. விலகறேன்."

"அவனுங்க எந்த ஸ்டாப்ல இறங்கினானுங்க?" என்றேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

"நீ சும்மா இரு."

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகாமல், சுத்தமாயிருந்த ஃப்ரிட்ஜை மறுபடி கழுவினாள்.

வியாழன் மாலை சூப்பர்மார்க்கெட் போனோம். கல்லாவில் இருந்த பெண், பை வேணுமா, அட்டை இருக்கா, ரசீது வேணுமா என்று ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினாள்.

"மெதுவா சொல்லும்மா, எனக்குப் புரியல" என்றாள் ரேலீன்.

கல்லாப் பெண் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. "ஐயோ, நீங்களா! முதல் வரிசைக் குரல்! நானும் அந்த உடலியல் வகுப்புதான். இந்த வாரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க? நீல் நிறுத்தவே இல்ல. சிறுநீரகப் பாடம் ஒருத்தருக்கும் புரியல. எல்லாரும் உங்களைத்தான் தேடறாங்க."

"என்னைக் கிண்டல் பண்றானுங்களே!"

"நாங்க எல்லாருமே பண்ணுவோம். உங்க குரல் வந்தாத்தான் வேகத்தைக் குறைப்போம், முக்கியமான இடம்னு. அடுத்த வாரம் சிறுநீரகத்தைக் கேளுங்க, ப்ளீஸ்."

"நீயே வந்து கேளேன்."

பெண் சிவந்துபோனாள். "எல்லார் முன்னாடியும் புரியலன்னு எப்படிச் சொல்றது? மானம் போயிடும்."

கார் நிறுத்துமிடம் வந்ததும் ரேலீன் பைகளை டிக்கியில் வைத்தாள். பிறகு, "அதுங்களுக்குப் பயம்டா" என்றாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவள் விலகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைப் பாடத்தைச் சமையலறையில் போட்டுக்காட்டினாள். சாதாரண வேகத்தில்தான். "நீல், அந்தச் சிறுநீரகம். எனக்குப் புரியல" என்று கணீரென்று அவள் குரல்.

பிறகு, பதிவில் அவளுக்கு அடுத்த இருக்கையிலிருந்து, மெல்லிய நடுக்கத்தோடு இன்னொரு குரல், கல்லாவில் பொரிந்து தள்ளிய அதே குரல்.

"எனக்கும் புரியல."