எழுதியவரே விளக்கவும்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவள் காதில் விழாமலும் சொல்வதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு அவள் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் நினைவூட்டும் செயலியில் பாதிப் பக்கங்கள் அவளுடையவை. ஒரு வகை போனில் மட்டும் 'அரை' என்பது 'ஒன்று' என்று தெரிந்தது. அதைப் பார்த்து முழு மாத்திரை போட்டுக்கொண்ட ஒரு முதியவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். பக்கம் அவளுடையது என்பதால் பழி அவள் தலையில் விடிந்தது.

குழுத் தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மாப்பிள்ளை. துரும்பை நகர்த்தாமலே மரியாதை வாங்கத் தெரிந்தவர். அவர் அன்றைக்கே ஒரு விதி போட்டார்: தவறான நிரலை எழுதியவரே அதற்கான படிவத்தில் விளக்கம் எழுத வேண்டும். 'பக்கம் என்னுடையது, அதற்குள் அளவைக் காட்டும் பெட்டி நான் எழுதியதல்ல' என்று எழுதிக் கொடுத்தாள்.

"தெளிவா இல்லம்மா. திரும்ப எழுதுங்க."

ஆறு முறை திருப்பினார். ஏழாவது முறை 'என் தவறு' என்று எழுதினாள், உடனே ஏற்றுக்கொண்டார். அவளைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றி, நிரலைத் திறந்து பார்க்கும் அனுமதியையும் பிடுங்கினார்.

இந்த வருடம் அந்தச் செயலியின் அடித்தளமான பழைய மென்பொருள் கட்டமைப்பை, அதைத் தயாரித்தவர்களே கைகழுவிவிட்டார்கள். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். யாரும் முன்வரவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

"உங்களுக்கு அதெல்லாம் தெரியாதேம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"கத்துக்கிறேன் சார்."

சமையலறை மேசையில் உட்கார்ந்து கற்றாள். பழகிப்பார்க்க, காய்கறிப் பட்டியல் செயலி ஒன்றை எழுதி அதையே புதியதற்கு மாற்றினாள். மூன்று நாள் வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது. நான்காம் நாள் பட்டியல் தெரிந்ததும், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன் இரண்டு போன்களையும் தூக்கிப் பிடித்தான்.

"முன்னாடி ஒரு போன்லதான் வெங்காயம் காணாமப் போச்சு. இப்ப ரெண்டுலயும் போகுது. நல்ல முன்னேற்றம்!"

"சும்மா இருங்க."

"எதுக்கு இந்தப் பாடு? பதவி உயர்வா?"

"இல்ல. ஒரு ஃபைலைத் திறந்து பாக்கணும்."

அவன் அதற்குமேல் கேலி செய்யவில்லை. அவளுக்குத் தேநீர் போட்டு வைத்தான்.

நிரலில் வரும் பெயர் மாற்றங்களை ஒரு கருவியே செய்துவிடும். ஆனால் ஒவ்வொரு வகை போனுக்கும் தனியாக எழுதிய நிரல் துண்டுகளைக் கையால்தான் திறந்து, படித்து, புதிதாக எழுத வேண்டும். அவளுக்கு வேண்டியதும் அதுதான். வேறு ஆள் கிடைக்காததால், நிரலைத் திறக்கும் அனுமதி அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. வேலை தொடங்கிய அன்று மாப்பிள்ளை அவள் மேசையருகே வந்து நின்றார்.

"பழைய மாற்றப் பதிவெல்லாம் எதுக்கும்மா? காலி ஃபோல்டர்ல ஆரம்பிங்க. சுத்தமா இருக்கும்."

அவளுக்குப் பொறி தட்டியது. எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் அந்தப் பதிவை, ஒரு வரியைக்கூட அழிக்காமல் முழுதாக எடுத்துக்கொண்டாள்.

பதினேழாவது துண்டுதான் அளவைக் காட்டும் பெட்டி. பதிவில், அரையை ஒன்றாக்கிய பழைய வரிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. முதியவர் விழுந்த இரண்டாம் நாளே அதை அவரே சரிசெய்திருந்தார். 'சிறு திருத்தம்' என்று குறிப்பு வேறு. அவளிடமிருந்து ஏழாவது விளக்கத்தை வாங்கியது அதற்கு அடுத்த வாரம்.

 அவருடைய விதியின் படிவத்தை எடுத்து, வரி, தேதி, பெயர் எல்லாம் நிரப்பி, 'எழுதியவரே விளக்கவும்' என்று அவருக்கே அனுப்பினாள். நகல் மேலாளருக்குப் போயிற்று.

மேலாளர் அழைத்தார். "மாத்துற வேலை முழுக்க இனி உன் பொறுப்பு. விளக்கத்தையும் நீயே பாத்து ஏத்துக்கோ. ஆனா பழைய கதைதானேம்மா, ரொம்ப இழுக்காத."

"விதி அவர் போட்டது மேடம்."

மாலையில் மாப்பிள்ளையே தாளோடு வந்தார். வேலைப்பளு, அவசரம், குழுவின் கூட்டுப் பொறுப்பு என்று இரண்டு பக்கம். உட்காரச் சொல்லாமல், அவரை நிற்கவைத்தே நிதானமாகப் படித்தாள்.

"தெளிவா இல்ல சார். திரும்ப எழுதுங்க."

"என்னம்மா இது, பழிவாங்குறியா?"

"ஆமா சார்" என்றாள். "இது முதல் தடவை."