எஃப்-ஒன் அமுக்க ஆள் இல்லை

சர்வீஸ் இன்ஜினியராக நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராயபுரத்தில் இருந்த எங்கள் ஆபீசுக்கு, ஊரின் வடகோடியில் நெருப்பெரிச்சலில் உள்ள ஒரு பனியன் கம்பெனியிலிருந்து காலையிலேயே போன் வந்தது. பேசியவர் பேக்கிங் இன்சார்ஜ் சலீம் பாய்.

"கரண்டு போயிட்டு வந்ததுல இருந்து சர்வர் எஃப்-ஒன் அமுக்கச் சொல்லுதுங்க. எதைப் போயி அமுக்கறதுங்க?"

கீபோர்டில் மேல் வரிசையில் இருக்கும் என்றேன். கீபோர்டே இல்லை என்றார்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சர்வர் மானிட்டரில் 'கீபோர்டு எரர், ப்ரெஸ் எஃப்-ஒன் டு கன்டினியூ' என்று நின்றது. கீபோர்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீ கிளாஸ் இருந்தது. சலீம் பாய் அதற்குள் ஆபீசில் இருந்த மற்ற ஆறு கம்ப்யூட்டர்களிலும் எஃப்-ஒன்னை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டிருந்தார்.

கீபோர்டு பீரோவில் இருந்தது. ஆபீசை நடத்தியவர் முதலாளியின் அக்கா ருக்மணி அம்மாள். ஒருநாள் மதியம் ஆபீஸ் பையன்கள் சர்வரில் கார் கேம் விளையாடி ஒரு ஆர்டர் ஃபைலையே அழித்துவிட்டதிலிருந்து, சீட்டை விட்டு எழுந்தால் கீபோர்டைக் கழற்றிப் பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில். அவர் அன்று அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணத்தில்.

மற்ற கம்ப்யூட்டர்களின் கீபோர்டைச் சொருகலாம் என்றால், அவை பழைய பெரிய பின். சர்வருக்கு மட்டும் புதிய சின்ன பின். எங்கள் ஆபீசிலும் அந்தப் பின்னில் அப்போது ஸ்பேர் இல்லை. வாசலில் தூத்துக்குடி போக வேண்டிய லாரி நின்றது. பேக்கிங் லிஸ்ட் சர்வருக்குள் இருந்தது. அது இல்லாமல் லாரியை எடுத்தால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும், கப்பல் நிற்காது.

பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து மண்டபத்துக்குப் போனேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ருக்மணி அக்கா என்மீதும் தெளித்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சாப்பிடச் சொன்னார். கப்பலைச் சொன்னேன். "கப்பல் போறதுக்குள்ள ரசம் ஊத்திருவாங்க, உக்காருங்க தம்பி" என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார். பாயசம் வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை.

கை கழுவிவிட்டுச் சாவி கேட்டேன். "முதலாளி கையிலகூடக் குடுத்ததில்லீங்க" என்றார். பட்டுச் சேலையோடு என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு கையில் தாம்பூலப் பை, இன்னொரு கை என் சட்டைக் காலரில். பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு முட்டியது.

ஆபீசுக்குள் நுழைந்து பீரோவைத் திறந்து கீபோர்டை எடுத்துக் கொடுத்தார். எஃப்-ஒன்னைத் தானே அமுக்குவதாகச் சொல்லி விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். நான் கீபோர்டைச் சொருகி ரீசெட் தட்டினேன். கீபோர்டு இருந்ததால் சர்வர் எதுவும் கேட்காமல் நேராகப் பூட் ஆனது.

"எப்பங்க அமுக்கோணும்?"

"இனித் தேவையில்லீங்க அக்கா."

அவருடைய முகம் வாடிவிட்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் ஆனது. லாரி கிளம்பியது. நான் உற்சாகத்தில் சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்து, டெலீட் கீயை அமுக்கி, கம்ப்யூட்டர் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பயாஸ் செட்டப்புக்குள் போனேன். எந்தக் கோளாறுக்கு நிற்க வேண்டும் என்று கேட்கும் 'ஹால்ட் ஆன்' என்ற இடத்தில் 'ஆல் எரர்ஸ்' என்று இருந்ததை, கீபோர்டு இல்லாவிட்டால் மட்டும் நிற்காதபடி 'ஆல், பட் கீபோர்டு' என்று மாற்றி சேவ் செய்தேன். கீபோர்டைக் கழற்றிவிட்டு சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்து காட்டினேன். தானாகவே பூட் ஆனது. சலீம் பாய் கை தட்டினார்.

அக்கா தட்டவில்லை. சலீம் பாய் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"அப்ப நான் இல்லாட்டியும் இது ஓடுமுங்களா?"

"பிரமாதமா ஓடுமுங்க" என்றேன்.

"இந்த ஆபீசு ஆரம்பிச்சதுல இருந்து நான் போட்ட ஒரே லீவு இன்னைக்குத்தானுங்க தம்பி. மண்டபத்துல அத்தனை சனத்துக்கு முன்னாடி, நான் இல்லீன்னா கம்பெனி ஓடாதுன்னு வந்து சொன்னீங்க. இப்ப ஓடும்ங்கறீங்க." கழற்றி வைத்த கீபோர்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இருந்த மாதிரியே வெச்சுருங்க."

கீபோர்டை மறுபடி சொருகி 'ஆல் எரர்ஸ்' என்றே மாற்றி வைத்தேன். சர்வீஸ் முடிந்ததும் எழுதித் தரும் கால் ரிப்போர்ட்டில் 'கீபோர்டு செக்டு, ஓகே' என்று எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். திரும்பவும் மண்டபத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். மறுபடியும் சாப்பிடச் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு செட்டிங் தப்பாக இருக்கிறது என்று தோன்றினால், மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தப்பு யாருக்கு உபயோகமாக இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம், எதற்கும் இருக்கட்டும் என்று சின்ன பின் வைத்த ஸ்பேர் கீபோர்டு ஒன்றைச் சலீம் பாயிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டார்.