ஆண்கள் ஞாயிறு

கஜா பெராங்கில் ஞானம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. மரவள்ளிப் புட்டு அவித்துத் தெங்கேரா சாலையில் விற்பாள். வாயும் கையும் ஒருசேர ஓடும். அவளுக்கிருந்த ஒரே மனக்குறை, கணவன் தேவதாஸ் தேவாலயத்துக்கு வருவதில்லை என்பது.

"அங்க போய் கொட்டாவி விடணுமா? அத நான் வீட்லயே விடறேன்," என்பான்.

அவன் மட்டுமல்ல, ஆண்கள் பக்கத்துப் பாய்கள் எப்போதும் காலிதான். வெள்ளைக்காரப் பாதிரியாரை, மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் சிறையில் போட்ட பிறகு உபதேசியார் ஆசீர்வாதம் பொறுப்பேற்றார். பிரசங்கத்தைச் சுருக்கினார். 'ஆண்கள் ஞாயிறு' என்று ஒன்றை அறிவித்தார். ஆராதனை முடிந்ததும் அசல் காப்பி, சுருட்டு, கேரம் பலகை. ஊரே கருக வறுத்த கிழங்கைக் காப்பி என்று குடித்துக்கொண்டிருந்த காலம் அது. அசல் கொட்டை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தேவாலயத்துக்குள் கேள்வி கேட்டு யாருக்கும் பழக்கமில்லை.

ஞானம்மாள் நச்சரித்தாள். தேவதாஸ் காப்பிக்காக வந்தான்.

கடைசி ஜெபத்தின்போது ஆண்கள் வாசலில் ராணுவ லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரே பெண்கள் வாசல் திறந்தே கிடந்தது. இறங்கினால் வாழைத்தோட்டம், அதற்கப்பால் கம்பம், மலாய்க்காரர்களின் கிராமம். ஞானம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். தேவதாஸ் இரண்டடி வைத்தான். நெருக்கியடித்து மண்டியிட்டிருந்த பெண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பெண்கள் பக்கம் ஆண்கள் போவதில்லை, அவ்வளவுதான். மற்றவர்களும் அப்படியே தங்கள் வாசல் வழியாக வரிசையாகப் போய் லாரியில் ஏறினார்கள். இந்த மரியாதையை எந்தக் கடவுள் கேட்டார்?

லாரி கிளம்புமுன் அதிகாரி உபதேசியாரிடம் ஒரு சிகரெட் பெட்டியை நீட்டினான். அவர் வாங்கி ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஞானம்மாளின் அழுகை நின்றுவிட்டது.

சில மாதம் கழித்து சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் சொன்னான், தேவதாஸ் வாந்திபேதியில் செத்தான், பிணங்களோடு பிணமாக எரித்தார்கள் என்று. அந்த வாரமே ஆசீர்வாதம் அடுத்த ஆண்கள் ஞாயிற்றை அறிவித்தார்.

"போன தடவ எனக்கே தெரியாம நடந்துபோச்சு. இப்ப மேலதிகாரிகிட்டயே பேசிட்டேன். பயப்படாம வரச் சொல்லுங்க."

"நான் கூட்டிட்டு வரேன் ஐயா," என்றாள் ஞானம்மாள். "காப்பிய மட்டும் கூடுதலாப் போடுங்க."

சனிக்கிழமை வீடு வீடாகப் போனாள். பொழுது சாய்வதற்குள் மிச்சமிருந்த ஆண்கள் எல்லோரும் செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்க் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

மறுநாள் பெண்கள் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். உபதேசியார் வாசலையே பார்த்தார்.

"எங்கம்மா ஒருத்தரையும் காணோம்?"

"தல சீவிட்டிருக்காங்க ஐயா. உங்க காப்பிக்கு வெறுந்தலையோட வர முடியுமா?"

லாரி வந்தது. துபாஷி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இருபது ஆள்னு சொன்னியே. எங்க?"

அங்கே இருந்த ஒரே ஆண் ஆசீர்வாதம். அவருக்குப் பழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. நேரே பெண்கள் வாசலை நோக்கி ஓடினார். அங்கே தோளோடு தோளாகப் பெண்கள் நின்றார்கள்.

"வழிய விடும்மா."

"உங்க வாசல் அந்தப் பக்கம் ஐயா," என்றாள் ஞானம்மாள்.

லாரியில் ஏறும்வரை அவர் வேதவசனம் சொல்லிப் பார்த்தார். துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு பெண்கள் எல்லாப் பாய்களையும் ஒன்றாக விரித்தார்கள். ஆண்கள் மனைவி மக்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள்; காப்பி இல்லாமலே வந்தார்கள். ஞானம்மாள் மட்டும் போவதை விட்டுவிட்டாள்.

உபதேசியாரின் மனைவி எஸ்தர் அவள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அவர் திரும்பி வரணும்னு ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா."

"அந்தக் காப்பியக் கலந்து வெச்சது நீதான?"

எஸ்தர் தலைகுனிந்தாள்.

"பசிச்சா வா, சோறு போடறேன். ஜெபம் மட்டும் எங்கிட்ட கேக்காத."