காலி வண்டியின் வெளிச்சம்

எண்பதுகளில் அரியலூர் டாக்சி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் இருந்தார். காது மடலில் எப்போதும் கிரீஸ் ஒட்டியிருக்கும். கல்யாண சவாரிக்கு ஆசைப்பட்டு, அம்பாசடரின் ஸ்பிரிங் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி வண்டியைத் தாழ்த்தி, அடியில் பச்சை பல்புகளை வரிசையாக மாட்டியிருந்தார். சிவப்பு போட்டால் பிரேக் விளக்கு மாதிரி இருக்குமாம். ஆள் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். செந்துறை ரோட்டுக் கல்லில் பல்புகள் உடைந்துவிடும். சவாரி முடிந்ததும் குப்புறப் படுத்து அடியில் பார்ப்பார்.

"பட்டையைத் திரும்ப மாட்டிடலாமே?" என்று கேட்டேன்.

"உசத்திட்டா வெளிச்சம் தரையில படியாதுங்க. காலி வண்டியா போனா நல்லாத்தான் எரியுது."

அன்று மாலை, அவரிடம் பேசிவைத்திருந்த கல்யாண வீட்டார், பல்பு உடையக் கூடாதென்று வேறு காரில் ஏறிப் போனார்கள். அவர் தன் வண்டியைக் காலியாக, எல்லா பல்பும் எரிய, அவர்கள் பின்னாலேயே ஓட்டிப் போனார்.