முற்றத்துத் தொட்டியில் கிடைத்த பதில்

அல்லாஹ்வை நம்பியிருக்கும் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் கொட்டாம்பட்டிக்காரி. பெயர் ஹலிமா. மதுரையில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் நெருக்கமான தெருவில் வாக்கப்பட்டேன். வீட்டில் மாமி என்று நான் கூப்பிடும் மாமியாரும், கணவருடைய தங்கை சபுராவும், நாங்கள் இரண்டு பேரும். அவருக்குப் பாத்திரக் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார்.

நான் வந்த முதல் வருஷம் ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. மாமியும் சபுராவும் விழுந்தார்கள். இடுப்பும் முட்டியும் கழன்று விழுவதுபோல் வலிக்கிற காய்ச்சல். மறு வருஷம் அதே மாதம் எனக்கு வந்தது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் அப்படி ஒரு காய்ச்சல் இருந்ததில்லையாம். அதனால் நான் கால் வைத்த நேரம் சரியில்லை என்று ஆகிவிட்டது. மாமி என்னிடம் நேராகச் சொல்லவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தொழுகையில் அழுவேன். வேறு என்ன செய்ய?

மூன்றாம் வருஷம், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரமலானும் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்தன. பத்தாம் நோன்பு அன்று சபுரா சுருண்டு படுத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. நிக்காஹ் பேசி முடித்திருந்தது. நான்கு நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலை எழுந்து துப்பினாள். ஈறிலிருந்து ரத்தம்.

லேடி டாக்டர் ஜட்கா வண்டியில் வந்து பார்த்தார். இதற்கென்று தனி மருந்து இல்லை, கஞ்சித் தண்ணீரை விடாமல் கொடுங்கள், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி தாயத்து வாங்கி வந்து கட்டினார். பிறகு என் கணவரிடம், நான் கேட்கும்படியாகவே சொன்னார்.

"பெருநா கழியட்டும். இவள ஊர்ல கொண்டுபோயி விட்டுட்டு வா. எம் மகள நான் இழக்க முடியாது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று நோன்பு திறக்கிற நேரம், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு துஆ கேட்டேன். யா அல்லாஹ், சபுராவைக் காப்பாற்று என்றேன். என் தலையில் இந்தப் பழி ஏன் என்றும் கேட்டேன். இரண்டு வருஷமாகக் கேட்கிறேனே, உனக்குக் கேட்கவில்லையா என்று கோபமாகவே கேட்டேன். அப்படிக் கேட்டது பாவமோ என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் மொண்டேன். உள்ளங்கையில் இரண்டு புழுக்கள் துள்ளின. புதிதொன்றும் இல்லை. எப்போதும் துள்ளும். நாங்கள் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றுவோம். அது காலியாகி நான் பார்த்ததே இல்லை. பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீர். தொட்டி வற்றினால் வீட்டில் செழிப்பு, பரக்கத் போய்விடும் என்பது மாமியின் எண்ணம்.

அந்த நேரம் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வாசலுக்கு வந்தார். வீட்டில் ஆண்கள் இல்லை என்று மாமி திரைக்குள்ளிருந்தே அனுப்பிவிட்டார். அவர் படியில் நின்றபடியே, தண்ணீரில் துள்ளுகிற புழுதான் கொசுவாகிறது, கொசு கடித்துத்தான் இந்தக் காய்ச்சல், தொட்டியை வாரம் ஒருதரம் காய வையுங்கள் என்று கத்திவிட்டுப் போனார். அடுப்படியில் எனக்குக் கேட்டது. நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊறுகாய் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை இன்னும் சில புழுக்களோடு மொண்டு ஊற்றி, மல் துணியால் வாய் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

அன்றே சபுராவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் கை கால் சில்லிட்டது. கண் செருகியது. ஒவ்வொரு கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினேன். மாமி என்னைத் தடுக்கவில்லை. இரண்டு நாள் அப்படி. நான் நோன்போடு உட்கார்ந்திருக்க, என் கணுக்காலைக் கொசு பிடுங்கியது. பட்டப்பகலில். என் கணவரை அது கடித்ததாக ஞாபகம் இல்லை. பகலில் வீட்டில் கிடப்பது நாங்கள்தானே! காய்ச்சலில் விழுந்ததும் நாங்கள் மூன்று பேர்தானே!

பதினெட்டாம் நோன்பு காலை சபுரா கண் திறந்தாள். "மைனி, பசிக்குது" என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதே அழுகை வந்தது. கஞ்சி எடுக்கப் போனபோது பாட்டிலைப் பார்த்தேன். துணிக்கு அடியில் நான்கு கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. காலில் வெள்ளை வரி. என்னைப் பகலில் கடித்த அதே கொசு.

சாயங்காலம் அவரிடம் காட்டினேன். பாட்டிலைத் தூக்கி விளக்கருகில் வைத்துப் பார்த்தார். "இத வச்சு அம்மாட்ட நான் என்னன்னு பேச?" என்றார்.

"நீங்க பேச வேணாம் மச்சான். தொட்டிய நான் காய விடுறேன். குறுக்க நிக்காம இருந்தாப் போதும்."

மறுநாள் தொட்டியைத் திறந்துவிட்டேன். இம்புட்டுத் தண்ணியையும் சாக்கடையில் விடுறாளே என்று மாமி கட்டிலில் உட்கார்ந்து புலம்பினார். தேங்காய் நாரும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். சுவரில் கரிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். அது கொசு முட்டை என்று பின்னால்தான் தெரிந்தது. தொட்டி வெறுமனே கிடந்தது. மழையும் அன்று பார்த்து நின்றுவிட்டது. இனி எப்படி நிரப்புவது என்று நினைக்கவே ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலை என் கணவர் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். ஆயுசில் குடம் தூக்காதவர். நோன்பு வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையில் நின்று, எட்டு நடை நடந்தார். தெருவே சிரித்தது. மூன்று நாள் இப்படி. ஊருக்கு அனுப்புகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நான் கேட்ட துஆவுக்கு அவர் தோளில் பதில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தாயத்துதான் மகளைக் காப்பாற்றியது என்று மாமி இன்றும் சொல்கிறார். அடுத்த வீட்டுத் தொட்டியில் இன்னும் புழு துள்ளுகிறது. எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் வாரம் தவறாமல் எங்கள் தொட்டியைக் காய வைத்தோம். மறு ஐப்பசியில் தெருவில் பல வீடுகளில் காய்ச்சல். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. சபுரா நிக்காஹ் முடிந்து, கழுத்தில் கருகமணியோடு பெருநாளுக்கு வந்திருந்தாள். அன்று வேலை மும்முரத்தில் நான் மறந்துவிட்டேன். மாமி முற்றத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஹலிமா, தொட்டி கழுவுற நாளாச்சே, கவனிக்கலையா?"

எனக்கு அது போதும்.

சகோதரிகளே, துஆ கேட்டு அலுத்துப்போய் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், கோபத்தோடாவது கேளுங்கள். என் கோபத்தையும் நம்மைப் படைத்த ரப்பு கேட்டான். உங்கள் குரலும் அவனுக்குக் கேட்கும். அவன் காட்டுவதைப் பார்க்கக் கண்ணையும், செய்யக் கையையும் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.