புதுப் போனுக்கு இட்ட சந்தனம்

எனக்குப் போன் பைத்தியம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். மலேசியாவில் பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லயத்து வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறி சிரம்பான் ஃபேக்டரிக்குப் போய் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறேன். ஐம்பது வயதாகிறது. இப்படிப்பட்டவளுக்கு எதற்கு வருஷா வருஷம் புதுப் போன் மேல் கண் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். உங்கள் வீட்டுக் காசிலா வாங்குகிறேன்?

இந்த முறை ஒரே கம்பெனி ஒரே நாளில் மூன்று போன்களை இறக்கியது. சின்னது, நடுவானது, பெரியது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எதில் என்ன கேமரா, எது சீக்கிரம் சூடாகும், எது கைக்கு அடங்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். போன்கள் கடைக்கு வந்த மூன்றாம் நாளே போய்விட்டேன். அன்றைக்குத்தான் அக்காவுக்கு சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் நாளும்.

அக்கா என் சொந்த அக்கா. அதே லயத்தில் எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறாள். அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று கூப்பிட்டால் லாரி எடை போடும் இடத்தில் இருக்கும் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், “இந்தா வந்துட்டேன்!” என்று அங்கிருந்தே பதில் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவள் பாட ஆரம்பித்தால் மைக் வேண்டாம். அந்தக் கழுத்தில்தான் கட்டி வந்திருந்தது. தைராய்டு. பன்னிரண்டு நாளில், செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் என்று அன்றைக்கு டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டிக்குப் பின்னாலேயே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கொஞ்ச நாளைக்குக் கம்மிப் போகலாம், எப்போதாவது ஒருவருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் என் தோளைத் தட்டினாள்.

“மூஞ்சிய தூக்கி வெச்சிக்காத லா. வா, ஒன் போன் கடைக்குப் போவோம். அங்க போனாதான் ஒனக்கு உசுரு வரும்.”

உயிர் வந்ததுதான், பொய் சொல்வானேன். மூன்று போனையும் வரிசையாக வைத்திருந்தார்கள். சின்னதைக் கையில் எடுத்தேன், ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளலாம், அவ்வளவு அடக்கம். நடுவானது மேல்தான் நான் ஆசையை வளர்த்துக்கொண்டு போயிருந்தேன், கரும்பச்சை நிறம், கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் அக்கா பக்கத்தில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. இவள் குரல் என்னிடம் எங்குமே இல்லை. மூன்று வீடு தள்ளி இருப்பவள் எதற்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப்போகிறாள், கத்தினால் போதாதா? கேமராவைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவள். பழைய கோயில் வீடியோக்களிலோ மேளச் சத்தம்தான் முழுக்க.

கடைப் பெண்ணிடம் கேட்டேன். “தங்கச்சி, இதுல எதுல குரல் நல்லா பதியும்?”

“பெருசுலதான்க்கா. மைக் அதிகம் இருக்கு, காத்துச் சத்தத்தையும் கொறச்சிரும்.”

“அப்ப பெருசே வாங்கு,” என்றாள் அக்கா, நான் எதற்குக் கேட்டேன் என்பது புரிந்துபோய். “என் வாய்க்குப் பத்தணுமில்ல!”

கடையே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெரியதையே வாங்கினேன்.

அடடா, அந்த முதல் நான்கு நாட்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கைவிரல் ரேகை வைத்துத் திறக்கச் சொன்னது. சின்ன வயதில் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டி, ஆசிட்டில் ஊறித் தேய்ந்த கட்டைவிரல் என்னுடையது, அதில் ஏது ரேகை? ஏழு முறை வைத்தேன், ஏழு முறையும் மாட்டேன் என்றது. போ லா, என்று முகத்தைக் காட்டினேன். எண்ணெய் வழிகிற முகம், நைட்டி, கலைந்த கொண்டை, எல்லாவற்றோடும் சட்டென்று திறந்துகொண்டது. இதற்காகவே அதை மன்னித்தேன். குறையும் உண்டு. முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு நிற்பதால் மேசையில் படுக்க வைத்தால் ஆடுகிறது. ஒரு கையால் பிடித்து மெசேஜ் அடித்தால் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. வீடியோ எடுத்தால் முதுகு சுடுகிறது. ஆனால் படம்! வாசலில் காயும் மிளகாயை எடுத்தேன், ஒவ்வொரு மிளகாயின் சுருக்கமும் தெரிந்தது. ஃபேக்டரியில் சின்னதை வாங்கிய தோழி என் படங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூரத்தில் இருப்பதை ஜூம் போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்று கொல்லைப்பக்கம் போய் நின்றேன். மேட்டில் தண்ணீர் டாங்கி இருக்கிறது, நடந்தால் கால் மணி நேரம். வீடியோவைப் போட்டு இழுத்தேன், இழுத்தேன், டாங்கியின் இரும்பு ஏணி வந்தது, ஏணியில் உட்கார்ந்திருந்த மைனா வந்தது, மைனாவின் மஞ்சள் மூக்கே வந்துவிட்டது! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேலிப்பக்கமிருந்து வெடித்தது அக்காவின் குரல்.

“ஏய் சின்னவளே! அடுப்புல சம்பல் கருகி லயமே நாறுது, நீ வானத்த பாத்துக்கிட்டு நிக்கிறியா? ஓடு லா, ஓடு!”

தூக்கிவாரிப் போட்டது. கை ஆடி, மைனா போய், டாங்கி போய், வானமும் வேலியுமாக வீடியோ சுழன்றது. சட்டியிலிருந்த மிளகாய்ச் சம்பல் அடியோடு போயிற்று. நல்ல வீடியோவைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம். அப்புறம் அழித்துவிடலாம் என்று போனை வைத்துவிட்டுச் சட்டி தேய்க்கப் போனேன்.

குரலைப் பிடிக்கும் வேலைதான் நடக்கவில்லை. போனை முன்னால் நீட்டினாலே அக்காவின் வாய் ஒட்டிக்கொண்டது. “சும்மா ஒக்காந்து பாடுன்னா வராது. வெள்ளிக்கெழம கோயில்ல பாடுறேன், அப்ப எடுத்துக்க,” என்றாள். கூடவே ஒரு கட்டளையும் போட்டாள். “பூச போடாத சாமான்ல என் பாட்ட எடுக்காத. மொதல்ல பூசாரி அண்ணங்கிட்ட குடு.”

எங்கள் தோட்டத்தில் இது வழக்கம்தான். மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் கார் வாங்கினாலும் முதலில் கோயில் வாசலுக்குத்தான் வரும். மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. வாஷிங் மெஷினுக்கே பூஜை போட்டவர்கள் நாங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து அதன்மேல் போனைக் கிடத்தினேன். பூசாரி அண்ணன் கைராசிக்காரர், மனசும் தாராளம். முதுகில் மூன்று கேமராவைப் பார்த்தார்.

“மூணு கண்ணா! இது சாமி போனும்மா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணுக்கு மேலே படாமல் பார்த்துத்தான் வைத்தார், அதற்கு நான் சாட்சி. கண்களைச் சுற்றிச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். காருக்கு நான்கு சக்கரத்துக்கும் வைப்பதுபோல இதற்கும் நான்கு ஓரத்திலும் வைத்தார். அடிப்பக்கத்தில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு. அக்கா கும்பிட்டாள். நான் கேமராக் கண்ணாடியை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டு, சாமி சந்தனத்தை எப்படி அழிப்பது என்று மற்றதை அப்படியே விட்டு, அதன் மேலேயே கவரை மாட்டினேன்.

அன்றைக்கு அவள் பாடினாள் பாருங்கள். கோயிலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை என்ன என்பது தெரியும். ஒருவரும் அசையவில்லை, மேளக்காரர்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கண்ணீரோடு, படம் ஆடாமல், முழுப் பாட்டையும் எடுத்தேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் சத்தத்தை அடைத்துவிட்டு படத்தை மட்டும் பார்த்தேன். கேட்டால் பஸ்ஸிலேயே அழுதுவிடுவேன் என்று பயம். படம் அத்தனை தெளிவு. அந்த இரண்டு மூன்று நாளும் யாருக்குப் போன் போட்டாலும் “ஒங்க கொரல் கேக்கலயே, கெணத்துக்குள்ள இருந்து பேசுறீங்களா?” என்றார்கள். தோட்டத்து லைன் என்றைக்கு ஒழுங்காக இருந்தது? லைனைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நாற்காலியில் நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். மாமா பேச்சு குறைந்த மனிதர். அன்றைக்கு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று, இன்னொரு மணி நேரமும் போயிற்று.

“அந்தப் பாட்ட கொஞ்சம் போடேன்மா,” என்றார் கடைசியில்.

போட்டேன். அக்கா கண்ணை மூடி, கையைக் கூப்பி, வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வாய்க்குள் துணியை அடைத்ததுபோல ஒரு முனகல், அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினேன். முனகல் கொஞ்சம் பெரிதானது. மாமா என் முகத்தைப் பார்த்தார்.

கவரைக் கழற்றினேன். மைக் ஓட்டை ஒவ்வொன்றிலும் சந்தனம் காய்ந்து கல்லாய் அடைத்துக்கொண்டிருந்தது. தினமும் ஃபேக்டரியில் மின் சாமான்களின் இதே மாதிரி ஓட்டைகளில் தூசி இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் என் வேலை! அங்கே கையுறை, தலைக்கு உறை, காலுக்கு உறை. இங்கே சந்தனத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“பாவி நான், மாமா. மண்ண அள்ளிப் போட்டுட்டேன். எல்லாம் போச்சு.”

மாமா போனை என் கையிலிருந்து வாங்கி, அந்த முனகலையே மறுபடி காதில் வைத்துக் கேட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போனைத் திரும்பப் பிடுங்கி, வேறு எதிலாவது இருக்கிறதா, எதிலாவது ஒரு வார்த்தை இருக்கிறதா என்று கீழே கீழே தள்ளினேன். பூனை, ஃபேக்டரிச் சாப்பாடு. அவற்றுக்கு அடியில் மைனா. பூஜைக்கு முந்தி எடுத்தது. நான் அழிக்க மறந்தது. சத்தம் முழுக்கக் கூட்டி வைத்திருந்ததை நினைக்காமல் அழுத்திவிட்டேன்.

“ஏய் சின்னவளே! அடுப்புல சம்பல் கருகி லயமே நாறுது…”

அந்த நீளமான வராந்தா முழுக்க அவள் குரல். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள், ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, மூடியிருந்த கதவைப் பார்த்து, “இந்தா வந்துட்டேன்!” என்றார். எழுந்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் இரண்டும் செய்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நரம்பு தப்பித்தது, குரல் மெதுவாகத் திரும்பும், அதுவரை கத்தக் கூடாது என்றார் டாக்டர். இப்போது ஆறு வாரம். கிசுகிசு என்று பேசுகிறாள், நாளுக்கு நாள் கொஞ்சம் கனம் கூடுகிறது. கோயிலில் மற்றவர்கள் பாட, அவள் தாளம் போடுகிறாள். பூசாரி அண்ணன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாவம், அவர் என்ன செய்வார். நான் பல் குத்தும் குச்சியால் சந்தனத்தை மெதுவாக எடுத்துவிட்டேன், மைக் பழையபடி வேலை செய்கிறது.

அந்த மைனா வீடியோவை அக்காவுக்கும் அனுப்பிவைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இப்போது அவளுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் வேலிப்பக்கம் வந்து நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அழுத்துகிறாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் நான் ஓடுகிறேன்.