விலை பேசாத நாள்

பொகவந்தலாவைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பைஸர் முதலாளியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதை நல்ல பழக்கம் என்றுதான் அவர் சொல்லிக்கொள்வார். சொன்ன விலைக்கு எதையும் வாங்கமாட்டார். கீரை விற்கிறவளிடமும் பேசுவார், பல் பிடுங்குகிற டாக்டரிடமும் பேசுவார். மகள் ரினோஸா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பிள்ளையும் கையுமாக மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவைத்துவிட்டு ஆட்டோக்காரனோடு மல்லுக்கு நின்றவர் அவர். அந்த ஆட்டோக்காரன் வெறுத்துப்போய், "ஏறுங்க, நீங்க தாறதத் தாங்க" என்று சொன்ன கதை இன்றைக்கும் அந்த வீட்டில் ஓடுகிறது.

அவருடைய பெரிய ஆயுதம் வாய் அல்ல, கால். கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடைக்காரர் "இதுதான் கடைசி விலை" என்று சொல்லிவிட்டால், பைஸர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடப்பார். திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் "நானா, வாங்க நானா" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் குரல் வரும். வராமல் போனதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இதே வித்தையை அவருடைய கடையிலேயே அவரிடம் காட்டுவார்கள். "கட்டுப்படியாகாதுங்க மொதலாளி, நான் வர்றேங்க" என்று சண்முகவடிவு படியிறங்கினால், அவள் பக்கத்து மரக்கறிக் கடைக்குள் நுழைவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்று பைஸருக்குத் தெரியும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கூப்பிடுவார்.

மாதம் தவறாமல் முப்பது வருடமாகக் கொழும்புக்குப் போய்வருகிற மனிதருக்குக் கொழும்பு என்றால் புறக்கோட்டைதான். இருட்டோடு பஸ் ஏறி, சாமான் எடுத்து, மூட்டை கட்டி, பின்னேர பஸ்ஸில் மலையேறிவிடுவார். அவருடைய மனைவி உம்மு குல்சும் கல்யாணமான புதிதிலிருந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாசா மாசம் போறீங்களே, அந்தக் கொழும்பு எப்படித்தான் ஈக்கி? ஒரு நாளைக்கு என்னயும் கூட்டிப் போங்க."

"அங்க என்ன ஈக்கி? சனமும் தூசியும்தான். அடுத்த முறை பாப்பம்."

அந்த அடுத்த முறை ஒருவழியாக வந்தது. வந்த விதம்தான் நெஞ்சில் அடித்தது. ஆறு மாதமாகக் குல்சும் வயிற்று வலி என்றாள். சோறு இறங்கவில்லை. உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போனது. ஹட்டன் டாக்டர் நுவரெலியாவுக்கு அனுப்பினார், நுவரெலியாவில் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். கொழும்பில் படம் பிடித்து, சதை எடுத்துப் பார்த்து, முடிவு வந்த அன்று பின்னேரம் பெரிய டாக்டர் பைஸரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். குல்சும் வெளியே வாங்குப் பலகையில் அவருடைய குடையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாக, பைஸருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். வெட்டி எடுக்கிற காலம் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், விரும்பிக் கேட்பதைக் கொடுங்கள். பைஸர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதர் சொன்னதை மறுத்துப் பேசத் தெரியாமல் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"என்னவாம்?" என்று குல்சும் கேட்டாள்.

"வயித்துல புண்ணாம். குளிசை தந்தீக்கி. ஒழுங்காக் குடிச்சாச் செரி."

அவள் சரி என்று சொல்லி, குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பொய் ஒட்டிக்கொண்டது என்று பைஸர் நினைத்தார். இனி அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றுவது ஒன்றுதான் அவர் அவளுக்குச் செய்யக்கூடியது.

அன்று தெமட்டகொடையில் அவளுடைய தங்கை அஸீலா வீட்டில் தங்கினார்கள். காலையில் ஹட்டன் பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டியவர், தேநீரைக் குடித்துவிட்டு, "இண்டைக்குக் கொழும்பச் சுத்திப் பாத்துட்டுப் போவம்" என்றார்.

குல்சும் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "கடை?"

"கடை எங்கயும் ஓடாது."

கடலோரத்துக் காலி முகத்திடலில் கூரையில்லாத மாடி பஸ் நின்றுகொண்டிருந்தது. அரை நாளில் ஊரின் முக்கிய இடங்களை எல்லாம் காட்டி, விளக்கம் சொல்லி, மறுபடி அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் ஏறுகிற பஸ். டிக்கட்டுக்காரன் ஒரு விலை சொன்னான். பொகவந்தலாவையில் கேட்டால் சிரிப்பார்கள், அப்படியொரு விலை. பைஸர் காசை எடுத்து நீட்டினார். இரண்டு பேருக்கும் முழு விலை, அப்படியே. குல்சும் ஒரு கணம் டிக்கட்டுக்காரனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்து மெல்ல மாடிப்படி ஏறினாள்.

விளக்கம் சொல்கிற பையனின் பெயர் விஜிதரன். மைக்கில் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளிவிட்டு, இவர்கள் பக்கத்தில் வந்து தமிழிலும் சொன்னான். இவர்கள் எந்த ஊர் என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நோட்டன் பிரிட்ஜுங்க. எங்கம்மா தீபாவளிக்குத் துணியெடுக்க ஒங்க பசாருக்குத்தான் வருவாங்க" என்றான்.

பழைய பாராளுமன்றத்தைக் காட்டினான். பெரிய தூண்கள். குல்சும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கடல் காற்றில் அவளுடைய முந்தானை பறந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. பைஸர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வெள்ளை வெளேரென்ற நகர மண்டபம் வந்தது. பழம்பொருள்கள் வைத்திருக்கும் நூதனசாலை வந்தது. அதன் முன்னால் நின்ற ஆலமரத்தைத்தான் அவள் அதிகம் ரசித்தாள். "எவ்வளவு பெரிய மரம், என்ன?" என்றாள். அவருக்கு எதைப் பார்த்தாலும், இவள் இதைப் பார்க்கிறது இதுதான் கடைசி என்று தோன்றியது. நினைக்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டார். அதட்டி அடங்குகிற நினைப்பா அது!

சுதந்திர சதுக்கத்தில் எல்லாரையும் இறக்கினார்கள். கல் மண்டபம், சுற்றிலும் கல் சிங்கங்கள். விஜிதரன் வெள்ளைக்காரர்களுக்குச் சுதந்திரம் வாங்கிய கதையைச் சொல்லிவிட்டு வந்து, இவர்களிடம் குரலைத் தாழ்த்தினான்.

"சொதந்திரம் கெடைச்ச அதே வருசந்தாங்க எங்க தோட்டத்து ஆளுகளோட பிரஜாவுரிமையப் பறிச்சாங்க. அத மைக்குல சொல்றதில்லங்க."

"செல்லாம ஈக்கிறதுதான் நல்லம் சில நேரம்," என்றாள் குல்சும். பைஸருக்குச் சுருக்கென்றது. அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் ஏறவும் இல்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு சிங்கத்தின் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொப்பி விற்கிற ஒருவன் வந்தான். ஓலைத் தொப்பியை அவள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பைஸர் விலை கேட்டார், கொடுத்தார். தொப்பிக்காரனுக்கே கை கூசியது போலும், மிச்சக் காசை எண்ணும்போது தலை நிமிரவில்லை.

"நானென்ன வெள்ளக்காரியா, தொப்பி போட?" என்று அவள் சிரித்தாள். ஆனாலும் முந்தானைக்கு மேலே போட்டுக்கொண்டாள். பிறகு, "டாக்டர் வேற ஒண்டும் செல்லல்லயா?" என்று கேட்டாள்.

"என்ன செல்ல? புண்தான். காரம் சேக்க வாணாமாம்."

"செரி."

திரும்பி வருகிற வழியில் பஸ் புறக்கோட்டைப் பக்கம் சுற்றியது. சிவப்புப் பள்ளிவாசல் தெரிந்ததும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் எழுந்து படம் பிடித்தார்கள். குல்சும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கதானே வருவீங்க?"

"ஓ. அந்தா அந்தக் குறுக்குத் தெரு. நீலப் போர்ட்டு தெரியுதா, அதுதான் ஸஃப்வான் ஹாஜியார்ட கடை."

மண்டபங்களைப் பார்த்ததை விட அந்தப் போர்டை அவள் அதிக நேரம் பார்த்தாள். பஸ் திரும்பிய பிறகும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மத்தியானம் காலி முகத்திடலில் இறக்கிவிட்டதும், விஜிதரனுக்கு நன்றி சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் போவோம் என்று பைஸர் ஆட்டோவைக் கைகாட்டினார்.

"ஹாஜியார்ட கடைக்குப் போவம்," என்றாள் குல்சும். "அதத்தான் எனக்குப் பாக்கணும்."

ஸஃப்வான் ஹாஜியார் இருபது வருடமாகப் பைஸரோடு சண்டை போட்டே சிநேகிதரானவர். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "அல்லாவே! இண்டைக்கு மதினியையும் கூட்டி வந்தீக்கீங்க! இருங்க, குளிரா ஏதாவது குடிங்க."

குல்சும் கதிரையில் உட்கார்ந்து, மேல் தட்டிலிருந்த ஒரு ரோஸ் நிறப் பட்டுச் சாரியைக் காட்டி எடுக்கச் சொன்னாள். வெள்ளிச் சரிகை போட்டது. மடியில் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ரினோஸாட கலியாணத்துக்கு," என்றாள்.

"இன்னம் மாப்பிள்ளயே பாக்கல்ல. இப்ப என்னத்துக்கு அவசரம்?" என்றார் பைஸர்.

"எடுத்து வெச்சா ஈக்கட்டும்."

ஹாஜியார் விலையைச் சொன்னார். நியாயத்துக்கு மேலே நன்றாகவே ஏற்றித்தான் சொன்னார். எதிரே நிற்பவர் பைஸராயிற்றே, பாதிக்காவது இறக்குவார் என்ற கணக்கு. பைஸர் பணப்பையைத் திறந்தார். ஹாஜியாரின் வாய் பிளந்தது. ஏதோ கேட்க வந்தவர், தொலைபேசி அடிக்கவும் மேசைப் பக்கம் போனார்.

குல்சும் பணப்பையின் மேல் கையை வைத்து மூடினாள்.

"காலைல டிக்கட்டுக்கு வெல பேசாமச் சல்லி குடுத்தீங்க பாருங்க," என்றாள் மெதுவாக. "அப்பவே எனக்கு வெளங்கிட்டு."

பைஸர் எதையெல்லாமோ ஒளித்திருந்தார். எக்ஸ்ரே படத்தை ஒளித்தார், டாக்டரின் கடிதத்தைச் சட்டைக்குள் தைத்துவைக்காத குறையாக ஒளித்தார், முகத்தைக் கூட அரை நாள் முழுக்கக் கடல் பக்கமும் மரத்துப் பக்கமுமாகத் திருப்பி ஒளித்தார். இதை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"குல்சும், அப்படியொண்டும்..."

"எத்தின மாசமெண்டு நான் கேக்கப் போறதில்ல. நீங்களும் செல்ல வாணாம். கொழும்பு பாத்தேன், மிச்சம் சந்தோசம்." அவள் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "ஆனா நீங்க இப்படிச் சொன்ன வெலக்கி வாங்க வாங்க எனக்குப் பயமா ஈக்கி. நெஞ்சு அடிக்குது. எண்ட புள்ளக்கி ஒரு சாரி, நீங்க எப்பயும் போல வெல பேசி வாங்கித் தாங்க. நான் பாத்துட்டு ஈக்கிறன்."

ஹாஜியார் தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். "என்ன நானா, வெல செரியா?"

பைஸர் வாயைத் திறந்தார். "இது என்ன ஹாஜியார், அநியாய..." என்று தொடங்கினார். முப்பது வருடம் தூக்கத்தில் கூடப் பிசகாமல் வந்த வசனம் அது. இன்று அது பாதிக்கு மேல் ஓடவில்லை. மனைவி மடியில் ரோஸ் பட்டோடு, தலையில் ஓலைத் தொப்பியோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சொல் பேசினால் அவள் முன்னாலேயே உடைந்துபோவார். சட்டென்று திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, கடையை விட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

"தொடங்கிட்டாரு!" என்று ஹாஜியார் கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நானும் பாத்தேன், மனுசன் மாறிட்டாரோ எண்டு!"

பைஸர் ஒரு தள்ளுவண்டியின் மறைவில் போய் நின்றார். தோள் குலுங்கியது. மூட்டை சுமக்கிற ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"நானா! வாங்க நானா! ஆயிரம் கொறைக்கிறன்!"

அவர் திரும்பவில்லை.

"செரி, இன்னம் கொறைக்கிறன்! மதினிக்கு முன்னால என்ன வெக்கப்படுத்தாதீங்க!"

கைக்குட்டையைத் தேடினார். சட்டைப்பையில் அது இல்லை. சட்டைக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். ஹாஜியாரின் சிரிப்பு குறைந்து, குரலில் பதற்றம் ஏறியது. இவ்வளவு தூரம் போய், இவ்வளவு நேரம் நின்ற ஆளை அவர் கண்டதில்லை.

"நானா, வாங்கின வெலக்கே தாறன்! எனக்கு ஒண்டும் வாணாம், வாங்க!"

"அது போதும் ஹாஜியார், சாரியச் சுத்துங்க," என்று குல்சும் சொல்வது கேட்டது. "அவர் வருவாரு."

முப்பது வருடத்தில் அவ்வளவு மலிவாக ஒரு துணி பைஸருக்குக் கிடைத்ததில்லை.